எத்தியோப்பியாவின் யோஹான்னஸ் கெப்ரகியோர்கிஸ்: புலம்பெயர்ந்த ஒரு நூலகர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தது என்ன?

#1 வேம்படி

அவையோருக்கு வணக்கம்.

வடமராட்சியில் எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டுக் கனடாவில் குடியேறிய சிலர் சேர்ந்து, இங்குள்ள நூலகங்கள் கழித்து விற்கும் குழந்தை நூல்களைச் சேகரித்து, ஒரு கன்டெய்னரில் ஏற்றி ஊருக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவெடுக்கும் முன், இந்த வேலையை எங்களைவிட மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த ஒருவரைப் பற்றி உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

யோஹான்னஸ் கெப்ரகியோர்கிஸ் எத்தியோப்பியாவின் தென்பகுதியில் உள்ள நெகெலே போரானாவில் பிறந்தவர். பாடநூல் அல்லாத ஒரு புத்தகம் முதன்முதலாகக் கைக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது 19. அதுவும் ஒரு சாதாரணக் காதல் நாவல்தான். 1974-இல் பேரரசர் ஹைலே செலாசியை அகற்றிவிட்டு ஆட்சிக்கு வந்த தெர்க் இராணுவக் குழு, படித்த இளைஞர்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்த காலத்தில் அவர் இளைஞர். நாட்டைவிட்டுத் தப்பி, 1980களின் தொடக்கத்தில் அகதியாக அமெரிக்கா சென்று, நூலக அறிவியல் படித்து, சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவு நூலகரானார். குடியேறிகளின் பிள்ளைகளுக்காகப் பல மொழிகளிலும் நூல் வாங்கிய நூலகம் அது. அம்ஹாரிக் மொழியில் என்ன வாங்கலாம் என்று அவர் தேடியபோது, வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை என்பது தெரியவந்தது.

1998-இல் எத்தியோப்பியக் குழந்தைகளுக்கான நூல் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் 'எத்தியோப்பியா ரீட்ஸ்' என்று அறியப்பட்டது அதுதான். மிஷனரிப் பெற்றோருடன் சிறு வயதிலேயே எத்தியோப்பியாவுக்குச் சென்று அங்கே வளர்ந்த அமெரிக்க எழுத்தாளர் ஜேன் கர்ட்ஸ் அதில் அவருக்குத் துணைநின்றார். ஒரு நாட்டுப்புறக் கதையை எடுத்து, அம்ஹாரிக்கும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைய, வண்ணப் படங்களுடன் 'சில்லி மம்மோ' என்ற நூலை யோஹான்னஸ் எழுதினார். 2002-இல் வேலையை விட்டுவிட்டு, அந்நூலை விற்ற பணத்துடனும், சான் பிரான்சிஸ்கோவில் நன்கொடையாகக் கிடைத்த ஏறத்தாழ 15,000 நூல்களுடனும் அடிஸ் அபாபா திரும்பினார். 2003-இல் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே ஷோலா குழந்தைகள் நூலகத்தைத் திறந்தார். பிறகு தெற்கே அவாசா நகரில் கழுதை இழுக்கும் நடமாடும் நூலகம் ஓடத் தொடங்கியது. 2008-இல் சிஎன்என் தொலைக்காட்சி அவரை அந்த ஆண்டின் முதல் பத்து நாயகர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

எங்கள் குழுவில் எல்லோரும் கழுதை வண்டியின் படத்தைப் பார்த்து நெகிழ்ந்து போயிருக்கிறார்கள். எனக்கோ, அவர் செய்தவற்றுள் எது உண்மையில் வேலை செய்தது என்று தெரிய வேண்டும். 15,000 நூல்களா, வண்டியா, அல்லது அந்த ஒரு சிறு கதைப் புத்தகமா?

#2 கணக்கு வழக்கு

வேம்படி அவர்கள் கேள்வியைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார். ஆனால் அதற்கும் முந்திய ஒரு கேள்வி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே பள்ளிக்குப் போனார்கள். இருபது ஆண்டுகளுக்குள் மிகப் பெரும்பான்மையினர் போகத் தொடங்கினார்கள். அதைச் செய்தது அரசு. கட்டணத்தை நீக்கியது, பள்ளிகளைக் கட்டியது, 1994-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் வழியாகத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழிகளுக்கு மாற்றியது. இலட்சக்கணக்கான வகுப்பறைகளைத் தொட்ட அந்த மாற்றத்துக்கு முகம் இல்லை என்பதால் எந்தத் தொலைக்காட்சியும் அதற்கு விருது கொடுக்கவில்லை. புலம்பெயர்ந்த ஒருவர் திரும்பி வந்தால் மட்டும் நாம் இழை தொடங்கிவிடுகிறோம்.

இரண்டாவது, கன்டெய்னர். கழிக்கப்பட்ட நூல் இலவசம் என்று தோன்றும். அதைத் தரம் பிரிக்க, கட்ட, கப்பலில் ஏற்ற, துறைமுகத்தில் விடுவிக்க, லாரியில் கொண்டுபோக, அலமாரி செய்ய ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதே பணத்தில் உள்ளூரில் உள்ளூர் மொழியில் எத்தனை படி அச்சிடலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையும் கிடையாது. அங்கு போகும் சரக்கில் பெரும்பகுதி ஜிபூட்டித் துறைமுகத்தில் இறங்கித் தரைவழியாகத்தான் போயாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது பனிமனிதனும் கிறிஸ்துமஸ் தாத்தாவும்.

#3 பழைய நூலகர்

நண்பர் கணக்கு வழக்கு சொல்லும் செலவுக் கணக்கை நான் மறுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பொது நூலகத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நன்கொடையாக வரும் நூல்களில் பாதியை என்ன செய்வது என்று விழித்த அனுபவம் எனக்கும் உண்டு. ஆனாலும் யோஹான்னஸைப் பற்றிய செய்திகளில் எல்லாம் அடிபட்டுப் போகும் ஒரு விவரத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிய வணிகர் அல்லர். குழந்தைகள் நூலகத்தில் பயிற்சி பெற்றுச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

குழந்தை நூலகர் என்பது தனித் தொழில். எந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கத்தில் எத்தனை வரி இருக்கலாம், கதை நேரத்தில் புத்தகத்தைத் தோளுக்கு அருகே எப்படிப் பிடித்தால் பின்வரிசைக் குழந்தைக்கும் படம் தெரியும், நூலை அடுக்கும்போது முதுகு தெரிய வைப்பதா முகப்பு தெரிய வைப்பதா என்பதெல்லாம் அதில் அடக்கம். படிக்கத் தெரியாத குழந்தைக்கு முதுகில் எழுதிய தலைப்பு ஒரு கோடுதான். ஆகவே முகப்பு தெரிய வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ஒரு அலமாரியில் வழக்கமாகக் கொள்ளும் நூல்களில் சிறு பகுதிகூடக் கொள்ளாது. இந்தச் சின்னக் கணக்கு தெரியாமல் அலமாரி வாங்கிப் பூட்டி வைத்த பள்ளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து யோஹான்னஸ் கொண்டுவந்தவற்றில் விலை மதிப்புள்ளது இந்தத் தொழிலறிவுதான் என்பது என் கருத்து.

கழுதை வண்டியைப் பொறுத்தவரை நம் ஊரில் யாரும் வியக்கத் தேவையில்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடியிலிருந்து ஒரு மாட்டுவண்டி நூலகம் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போகத் தொடங்கியது, சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல்' என்பது அவருடைய இரண்டாம் விதி, 'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்' என்பது மூன்றாம் விதி. 15,000 ஆங்கில நூல்களை அடிஸ் அபாபாவில் இறக்கினால் மூன்றாம் விதி எந்த அளவு நிறைவேறும் என்று கேட்கலாம். ஆனால் அம்ஹாரிக்கில் குழந்தை நூலே இல்லாத நாட்டில் இரண்டாம் விதியைப் பற்றிப் பேசவே முடியாது. யோஹான்னஸ் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

#4 திசைகாட்டி

கென்யாவின் கரிசா பகுதியில் 1996 முதல் தேசிய நூலகத் துறையே ஒட்டகங்களின் மேல் நூல்களை ஏற்றி அனுப்பியது. கொலம்பியாவில் ஒரு பள்ளி ஆசிரியர் கழுதைகளில் ஏற்றிக் கொண்டுபோனார். மங்கோலியாவிலும் ஒட்டகம் உண்டு.

#5 நெறியாளர்

விலங்குகளின் பட்டியலுக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே எத்தியோப்பியாவோடு நிற்போம்.

#6 அவாசாவில் இருந்தவன்

நான் சில ஆண்டுகள் அவாசாவில் கல்லூரி ஆசிரியனாக இருந்தேன். எத்தியோப்பியாவில் தமிழ் ஆசிரியன் என்பது வெளியில் புதுமையாகத் தெரியலாம். அங்கே அது பழைய செய்தி. பேரரசர் காலத்திலேயே கேரளத்தவர் பெரும்பான்மையாகவும் நம்மவர் ஓரளவுக்கும் சிற்றூர்ப் பள்ளிகள்வரை பரவியிருந்தார்கள். 2000த்துக்குப் பிறகு அந்நாடு புதிய பல்கலைக்கழகங்களைத் திறந்தபோது, தமிழ்நாட்டுப் பொறியியல், மேலாண்மைக் கல்லூரிகளிலிருந்து விரிவுரையாளர்கள் கூட்டம் கூட்டமாக ஒப்பந்தத்தில் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

முதலில் வண்டியைப் பற்றி. உலகிலேயே கழுதைகள் மிகுந்த நாடு எத்தியோப்பியா. அவாசாவில் தண்ணீர்க் குடம், சிமெண்டு மூட்டை, தேஃப் தானியம், வீட்டுச் சாமான் எல்லாமே இரண்டு சக்கரக் கழுதை வண்டியில்தான் போகும். ஆகவே அங்கே நூலகம் கழுதை வண்டியில் வருவது யாருக்கும் வேடிக்கை இல்லை. வண்டி பழுதானால் பழுதுபார்க்கும் ஆள் தெருக்கோடியில் இருப்பார், பெட்ரோல் விலை ஏறினால் வண்டி நிற்காது என்பதுதான் அந்தத் தேர்வின் பொருள். வெளிநாட்டில் படம் பார்ப்பவர்களுக்கு நெகிழ்ச்சி தருவது, உள்ளூரில் வெறும் சிக்கனம். நன்கொடையாளர் ஒரு வேனை வாங்கிக் கொடுத்திருந்தால் அது இந்நேரம் ஏதாவதொரு அலுவலகத்தின் கொல்லையில் டயர் இல்லாமல் நின்றிருக்கும்.

அடுத்து, அந்தக் குழந்தைகள் எதைப் படித்து வளர்கிறார்கள் என்பது. அம்ஹாரிக் எழுத்து நமக்கு அந்நியமானதன்று. அடிப்படை எழுத்துகள் 33, ஒவ்வொன்றுக்கும் உயிரொலிக்கு ஏற்ப ஏழு வடிவங்கள், ஆக 231. நம் உயிர்மெய் வரிசையைப் போலவே ஹ, ஹு, ஹி என்று ராகம் போட்டுச் சொல்லி மனப்பாடம் செய்கிறார்கள். அந்த எழுத்து அட்டவணை பெரிய தாளில் அச்சாகிக் கடைகளில் தொங்கும். பிரம்பால் தொட்டுத் தொட்டு வகுப்பே கத்தும். நான் குடியிருந்த வீட்டுக்காரரின் இளைய மகள் அட்டவணையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் சொல்வாள். அவளிடம் ஒரு பிஸ்கட் உறையைக் கொடுத்து அதிலுள்ள பெயரைப் படிக்கச் சொன்னபோது, அட்டவணையில் அந்த எழுத்து எந்த வரிசையில் வரும் என்று முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எழுத்து தெரியும், ஆனால் அட்டவணைக்கு வெளியே அந்த எழுத்துகளை அவள் எங்கும் சந்தித்ததில்லை. வீட்டில் இருந்த நூல்கள் விவிலியமும் அண்ணனின் பாடநூல்களும் மட்டுமே.

இது ஒரு வீட்டின் கதையாக நின்றுவிடவில்லை. 2010-இல் அந்நாட்டில் நடந்த தொடக்க வகுப்பு வாசிப்பு மதிப்பீட்டில், சிடாமா மொழியில் படித்த இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோரால் கொடுத்த பத்தியில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை. சிடாமா நிலத்தில் இருப்பதுதான் அவாசா. கணக்கு வழக்கு குறிப்பிட்ட சேர்க்கை உயர்வு உண்மைதான். சேர்ந்த பிள்ளைகளின் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? என் வகுப்புக்கு வந்த பட்டப்படிப்பு மாணவர்கள் பலரும் 'ஹேண்ட்அவுட்' என்ற நகலெடுத்த குறிப்புகளைத் தவிர வேறெதையும் படித்துப் பழகாதவர்கள். நூலகத்தில் ஒரு நூலைக் கேட்டு வாங்குவது எப்படி என்று பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டார்கள்.

#7 பாலர் வகுப்பு

அவாசாவில் இருந்த ஐயாவின் பதிவைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அந்தச் சிறுமியின் பிஸ்கட் உறை எனக்கு நன்றாகத் தெரிந்த காட்சி. எழுத்தைக் கற்பிப்பது ஆசிரியரால் ஆகும். எழுத்தை வாசிப்பாக மாற்றுவதற்கு, அடுத்த பக்கத்தில் என்ன ஆகும் என்று பிள்ளை தவிக்கும்படி ஒரு கதை வேண்டும். பாடநூலுக்கு அந்தத் தவிப்பை உண்டாக்கும் நோக்கமே கிடையாது. முதல் பாடத்தைப் படித்துவிட்டு இரண்டாம் பாடத்துக்காக இரவில் விழித்திருந்த பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை.

'சில்லி மம்மோ'வின் கதையமைப்பு இங்கே முக்கியம். தாய் சொன்ன அறிவுரையை அப்படியே, ஆனால் பொருந்தாத இடத்தில் செய்துவிட்டு வந்து நிற்கும் அசட்டுப் பையன் அவன். கொழுக்கட்டை என்ற பெயரை மறந்து அத்திரிபாச்சா என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்த நம் ஆளின் எத்தியோப்பியத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கதையில் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் முறை வரும்போது குழந்தை முன்கூட்டியே சொல்லிவிடும், மூன்றாம் முறை வரும்போது விரலை வரியின் மேல் வைத்துவிடும். வாசிப்பு தொடங்கும் இடம் அதுதான். பாட்டி சொல்லி ஏற்கெனவே காதுக்குப் பழகிய கதையைத் தேர்ந்தெடுத்தது யோஹான்னஸின் தொழில் நுட்பம் என்று பழைய நூலகர் ஐயாவோடு நானும் சொல்வேன்.

ஆங்கில நூல்களையும் முற்றாக ஒதுக்க வேண்டாம். எத்தியோப்பியாவில் உயர்நிலை வகுப்புகள் ஆங்கில வழியில் நடக்கின்றன. அங்கே போகப் போகிற பிள்ளைக்குப் பனிமனிதன் உள்ள நூலும் பயன்படும். ஆனால் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டப் பெரியவர் ஒருவர் வேண்டும். அந்தப் பெரியவருக்கே அந்த ஆங்கிலம் தடுமாறும் என்றால் நூல் அலமாரியில்தான் இருக்கும்.

#8 கணக்கு வழக்கு

ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன். வாசிப்பின் தொடக்கம் குறித்து எனக்கு வாதம் இல்லை. என் வாதம் பணத்தின் தொடர்ச்சி குறித்தது.

'எத்தியோப்பியா ரீட்ஸ்' அமைப்பைத் தாங்கியவர்கள் யார்? அமெரிக்கப் பள்ளிகள், வாசகர் குழுக்கள், எத்தியோப்பியக் குழந்தைகளைத் தத்தெடுத்த அமெரிக்கக் குடும்பங்கள். தத்தெடுத்த பிள்ளையின் பிறந்த நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவர்களுடைய உணர்வு மெய்யானது, மதிக்கத்தக்கது. ஆனால் எத்தியோப்பிய நாடாளுமன்றம் 2018-இல் வெளிநாட்டவர் தத்தெடுப்பதையே தடை செய்துவிட்டது. அப்படியிருக்க, அந்த ஊற்றுக்கண் இன்னும் எத்தனை காலம் சுரக்கும்? நிறுவனருக்கு வயதாகும், நன்கொடையாளரின் கவனம் வேறு நாட்டுக்குப் போகும், நூலகருக்குச் சம்பளம் நின்றுபோகும். அப்போது நூல்கள் எலிக்குத்தான்.

#9 பழைய நூலகர்

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு விடை இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் விடாமல் வலியுறுத்தியதன் பயன் அது. வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை சேர்த்து வசூலிக்கப்பட்டு நூலக ஆணைக் குழுவுக்குப் போகும். இன்று தமிழ்நாட்டில் அது சொத்து வரியில் 10 விழுக்காடு. உள்ளாட்சிகள் வசூலித்த தொகையை உரிய நேரத்தில் ஒப்படைப்பதில்லை என்ற மனக்குறை பழையது, இன்றும் தீராதது. இருந்தாலும் எந்த வள்ளலும் மனம் மாறினான் என்பதற்காக இங்கே ஒரு கிளை நூலகம் மூடப்படாது.

ஆனால் நண்பர் கணக்கு வழக்கு இதையும் கவனிக்க வேண்டும்: ரங்கநாதனும் வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்தவர்தான். கணிதப் பேராசிரியராக இருந்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1924-இல் இலண்டன் சென்று படித்து, அங்கே பொது நூலகங்கள் இயங்கும் விதத்தைச் சுற்றிப் பார்த்த பிறகே அவருக்கு அந்தத் தொழிலில் பற்று வந்தது. அதற்கு முன் நூலகர் வேலை சலித்துப்போய்க் கல்லூரிக்கே திரும்ப நினைத்தவர் அவர். பொது நூலகம் என்ற ஒன்றை முழுதாக இயங்கும் நிலையில் கண்ணால் பார்த்தவர் ஒருவர் முதலில் வேண்டும். சட்டம் அதற்குப் பின்னால்தான் வரும், அதுவும் கால் நூற்றாண்டு கழித்து. எத்தியோப்பியாவில் யோஹான்னஸ் நிற்கும் இடம் முதற்படி. இரண்டாம் படியை அவர் ஏறவில்லை என்று அவர்மேல் குற்றம் காண்பது முறையாகாது. அதை ஏற வேண்டியது அடிஸ் அபாபாவின் அமைச்சகம்.

#10 அவாசாவில் இருந்தவன்

அமைச்சகத்தை எதிர்பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு, அது மொழி. எந்த மொழியில் நூல் போடுவது என்பது எத்தியோப்பியாவில் கத்திமேல் நடப்பது. தெர்க் ஆட்சி 1979-இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் 15 மொழிகளில் நடந்தது; அதற்காக யுனெஸ்கோ பரிசும் கிடைத்தது. ஆனால் எல்லா மொழிகளையும் அம்ஹாரிக்கின் எழுத்திலேயே எழுதினார்கள். 1991-இல் ஆட்சி மாறியதும் ஒரோமோ மக்கள் தங்கள் மொழிக்கு இலத்தீன் எழுத்தைத் தேர்ந்துகொண்டார்கள், சிடாமா மொழியும் அவ்வழியே போனது. யோஹான்னஸ் பிறந்த நெகெலே இருப்பது ஒரோமோ மொழி பேசும் போரானா நிலத்தில். அவர் முதல் நூலை அம்ஹாரிக்கில் எழுதினார். அவாசாவின் வண்டியில் அம்ஹாரிக் நூலை எடுக்கும் சிறுவன் வீட்டில் சிடாமா பேசுபவனாக இருக்கலாம், பள்ளியில் இலத்தீன் எழுத்தில் படிப்பவனாக இருக்கலாம். 2020-இல் சிடாமா தனி மாநிலமாகப் பிரிந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கும். 'எத்தியோப்பியா ரீட்ஸ்' அமைப்பும் காலப்போக்கில் இதை உணர்ந்துதான், ஜேன் கர்ட்ஸ் முதலியோர் முன்னின்ற 'ரெடி செட் கோ' என்ற சிறுநூல் வரிசையை அம்ஹாரிக், ஒரோமோ, திக்ரிஞா என்று பல மொழிகளில் ஆங்கிலத்தோடு இணைத்து வெளியிடத் தொடங்கியது. ஒரே படங்கள், வரிகள் மட்டும் மொழிக்கு மொழி மாறும். படத்துக்கான செலவு ஒரு முறைதான் என்பதால் சிறிய மொழிக்கும் நூல் கட்டுப்படியாகிறது.

யோஹான்னஸ் பிற்காலத்தில் அந்த அமைப்பிலிருந்து விலகி, வடக்கே திக்ராயின் தலைநகரான மெகெல்லேயில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் நூலகம் அமைத்தார். 2020 நவம்பரில் அங்கே போர் மூண்டது, 2022 நவம்பரில்தான் பிரிட்டோரியாவில் உடன்பாடு ஏற்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அம்மாநிலத்தில் பள்ளிகளே மூடிக் கிடந்தன. நூலக வரியோ நன்கொடையோ, அரசு என்ற ஒன்று அமைதியாக இருந்தால்தான் இரண்டுக்கும் பொருள் உண்டு. இதை யாழ்ப்பாணத்தவர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

#11 வேம்படி

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். வாக்குவாதம் அங்கேயும் நடந்தது. கன்டெய்னரை முழுமையாகக் கைவிட எல்லோருக்கும் மனம் வரவில்லை. ஆயினும், கிடைக்கும் நூல்களையெல்லாம் ஏற்றுவது என்ற பேச்சு நின்றுவிட்டது. உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவும் ஆங்கில அறிவியல் நூல்களை மட்டும் பள்ளி ஆசிரியர்களே பட்டியல் போட்டுக் கேட்பது, கேட்டவற்றை மட்டும் அனுப்புவது என்பதில் பெரும்பாலோர் உடன்பட்டிருக்கிறார்கள்.

மிஞ்சும் பணத்தில் இரண்டு வேலைகள். ஒன்று, ஊரில் வழங்கும் கதைகளை எடுத்து, முதல் மூன்று வகுப்புகளுக்கு ஏற்ற சிறு தமிழ் நூல்கள் சிலவற்றை யாழ்ப்பாணத்திலேயே அச்சிடுவது. கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கும் அவையே தேவைப்படுவதால், ஆங்கில வரியையும் சேர்த்து இங்கே விற்கலாம் என்று ஒருவர் சொன்னார். யோஹான்னஸ் தம் நூலை விற்று நூலகத்துக்குப் பணம் சேர்த்த வழியும் அதுதான். மற்றொன்று, பள்ளி நூலக அறையைத் திறந்து வைத்து வாசித்துக் காட்டுவதற்கு ஊரிலேயே ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்துவது. இந்த இரண்டாவதற்குத்தான் எங்கள் குழுவில் எதிர்ப்பு வலுவாக இருக்கிறது. நூல் கொடுத்தால் உள்ளே பெயர் எழுதலாம், கட்டடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், சம்பளத்துக்கு எதை வைப்பது என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்.

பழைய நூலகர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பயிற்சி பெற்ற நூலகர் எங்கள் பள்ளிக்குக் கிடைப்பது அரிது. பயிற்சி இல்லாத, ஆனால் ஆர்வமுள்ள ஒருவரை அமர்த்தினால் எங்கிருந்து தொடங்கச் சொல்வீர்கள்?

#12 கணக்கு வழக்கு

சம்பளத்துக்கு மூன்று ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டு ஆளை அமர்த்துங்கள். மாதாமாதம் வசூலித்துக் கொடுக்கலாம் என்று இறங்காதீர்கள்.

#13 பழைய நூலகர்

ஆர்வமுள்ளவரே போதும். பட்டியல் தயாரிப்பதையும் எண் ஒட்டுவதையும் முதலில் சொல்லிக் கொடுத்தால் அவர் அந்த வேலையிலேயே மூழ்கி, நூலைப் பிள்ளைகள் தொட்டால் வரிசை கலையும் என்று அஞ்சத் தொடங்கிவிடுவார். முதலில் நாள்தோறும் ஒரு வகுப்புக்கு ஒரு கதையை உரக்க வாசிக்கட்டும். அதன் பிறகு, எந்தப் பிள்ளை எதை எடுத்துப்போனது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதட்டும். ஒரு பருவம் முடிந்ததும் அந்த நோட்டைப் பார்த்தால் எந்த நூல் கந்தலாகியிருக்கிறது, எது தொடப்படவே இல்லை என்பது தெரியும். அடுத்து வாங்க வேண்டியதை அதுவே சொல்லும். 'எத்தியோப்பியா ரீட்ஸ்' பள்ளிகளில் நூலகம் அமைத்தபோதும் அங்குள்ள ஆசிரியர்களுக்கும் நூலகப் பொறுப்பாளர்களுக்கும் பயிற்சி கொடுப்பதை வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தது. நூலைப் பூட்டி வைக்காமல் இருப்பதற்கே பயிற்சி வேண்டும் என்பது வெளியாருக்கு விநோதமாகத் தோன்றும். தொலைந்த நூலுக்குப் பொறுப்பாளரின் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றால் எவரும் பூட்டத்தான் செய்வார். ஆகவே, ஆண்டுக்கு இத்தனை நூல் தொலையலாம், கிழியலாம் என்று முதலிலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

#14 பாலர் வகுப்பு

வேம்படி அண்ணா, கதைகளைத் தேர்ந்தெடுத்ததும் நேரே அச்சகத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். என் இரண்டாம் வகுப்பில் வாசித்துப் பார்க்கலாம். சாதாரணத் தாளில் அச்செடுத்து, படங்களைப் பென்சிலில் வரைந்து அனுப்பினாலும் பிள்ளைகள் பொருட்படுத்த மாட்டார்கள். எந்த இடத்தில் குறுக்கே பேசுகிறார்கள், எந்த இடத்தில் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். கனடாவில் விற்கும் படிகளுக்காக ஆங்கில வரியைச் சேர்ப்பதானால் அது தமிழ் வரிக்குக் கீழே, சிறிய எழுத்தில் இருக்கட்டும்.